குதிர் ஏன் அப்போது விழுந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சூனிய நம்பிக்கையை வெறும் அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1920களில் மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களோடு தங்கிய மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் எழுதியதைப் பாருங்கள். வெயிலுக்குத் தானியக் குதிரின் அடியில் ஒதுங்கியவர்கள் மேல் குதிர் சரிந்து விழுகிறது. அதைத் தாங்கி நின்ற கால்களைக் கறையான் அரித்துவிட்டது என்பது அவர்களுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் இவர்கள் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழ வேண்டும்? அந்தக் கேள்விக்குத்தான் சூனியம் பதிலாகிறது. வீட்டில் சாவைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வரும்தானே.

அன்று அங்கே, சூனியம் செய்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர் முன் செத்த கோழியின் சிறகை வைப்பார்கள். அவர் வாயில் தண்ணீர் எடுத்து அதன் மேல் ஊதி, தனக்கு எந்தப் பகையும் இல்லை என்பார். பல நேரம் விஷயம் அதோடு அடங்கிவிடும்.

ஐரோப்பாவில் அடங்கவில்லை. 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக்காரர்கள் என்று பல்லாயிரம் பேரைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்கள். சுவிட்சர்லாந்தில் எஜமானரின் மகள் ஊசிகளைக் கக்கினாள் என்று பணிப்பெண் அன்னா கோல்டியின் தலையை 1782இல் வெட்டினார்கள். அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்க 2008 வரை ஆனது.

பழி விழுவது பெரும்பாலும் தூரத்து எதிரி மேல் அல்ல. பக்கத்து வீட்டார், சொந்தக்காரர் மேல்தான். சூனியத்தின் பேரில் நடந்த கொலைச் செய்தி வரும்போது, மந்திரத்தை விட்டுவிட்டு, அந்த வீடுகளுக்குள் அதற்கு முன் என்ன தகராறு இருந்தது என்று நிருபர்கள் தயவுசெய்து விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்