குடத்தில் இடப்படாத ஓலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடவோலை முறை என்றால் என்ன என்று கேட்டால், நம் பள்ளிகளில் படித்த பெரும்பாலோர் ‘சோழர் காலக் கிராமத் தேர்தல்’ என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள். யாருடைய பெயர்கள் அந்த ஓலைகளில் எழுதப்படவே இல்லை என்று கேட்டுப் பாருங்கள். வரலாற்றில் பட்டம் பெற்றவர்கள்கூடத் திணறுவார்கள்.

இதற்கான விடை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளும் 30 குடும்புகளிலிருந்து (ஊரின் பிரிவுகளிலிருந்து) வாரிய உறுப்பினரை, அதாவது ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுக்களின் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளை விரிவாகச் சொல்கின்றன. இரண்டாவது கல்வெட்டின்படி, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவராக, வேதக் கல்வி பெற்றவராக இருந்தால்தான் ஒருவர் பெயர் ஓலையில் ஏறும். முன்பு வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. (இந்த விதியை இன்றைய உள்ளாட்சி மன்றங்களுக்கும் நீட்டித்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நான் அவ்வப்போது எண்ணிக்கொள்வதுண்டு.) ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சபையோர் அனைவரும் காண உயர்த்திப் பிடிப்பதும், விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வதும், எடுத்த ஓலையை மத்தியஸ்தன் (நடுவர்) ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிப்பதும் முறைகேட்டுக்கு இடம் தராமலிருக்கச் செய்த ஏற்பாடுகள் என்பது வாசிக்கும்போதே விளங்கும்.

ஆனால் இது ஒரு சதுர்வேதிமங்கலத்து (பிராமணருக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊரின்) மகாசபையின், பிராமண நிலவுடைமையாளர் அமைப்பின், விதிமுறை. அவ்வூர் நிலத்தில் உழுதவர்களுக்கோ பெண்களுக்கோ அதில் பங்கில்லை. வேளாளர் நிலம் உடைய வெள்ளான்வகை ஊர்களில் ‘ஊர்’ என்ற வேறு அவை இயங்கியது. ‘பண்டைய மக்களாட்சி’ என்று ஒரே வரியில் பெருமைப்படுவதும், ‘வெறும் சாதி ஆட்சி’ என்று ஒரே வரியில் ஒதுக்குவதும் மூலத்தைப் படிக்காததால் வரும் துணிச்சல் என்றே கருதுகிறேன்.

மூலக் கல்வெட்டை வகுப்பில் படிக்கக் கொடுத்தால் மாணவர்களுக்குப் புரியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தமிழும் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்தமும் கலந்த அவ்வெழுத்துகளை அவர்களால் நேரடியாகப் படிக்க முடியாதுதான். எனினும் கல்வெட்டின் சில வரிகளை இன்றைய எழுத்தில் அச்சிட்டு, அருஞ்சொற்களுக்குப் பொருளும் தந்தால், ஒன்பதாம் வகுப்பு மாணவர் தாமே கேள்வி கேட்கத் தொடங்குவார். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் அச்சில் வருகின்றன; முதுகலை வகுப்புகளிலோ, நான் அறிந்தவரை, அவற்றின் ஒரு பக்கத்தையேனும் திறக்காமல் தேர்ச்சி பெற்றுவிட முடிகிறது.

உண்மையான தடை தேர்வுத்தாளில் இருக்கிறது. விடைக்குறிப்பில் உள்ள சொற்களுக்கே மதிப்பெண் என்னும்போது எந்த ஆசிரியரும் மூலத்தைக் கையில் எடுக்கத் துணியமாட்டார். ஆகவே பொதுத்தேர்வின் வரலாற்றுப் பகுதியில், மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு கல்வெட்டுப் பகுதியையோ ஆவணத்தையோ கொடுத்து, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்கும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றையாவது கட்டாயமாக்குமாறும், வேறுபட்ட விடைகளை மதிப்பிட ஆசிரியர்களுக்கு அதற்கு முன்பே பயிற்சி அளிக்குமாறும் பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
செங்கல்பட்டு