யூபிஐ காட்டிக்கொடுக்கும் பெயர்

ஆசிரியருக்கு,

பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு வசதியானவரோடு பழகும் 'சுகர் டேட்டிங்' சரியா தவறா என்று நிறையவே பேசியாயிற்று. அதில் இறங்கும் வயதுவந்தவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

பெரும்பாலும் பணம் வாங்கும் இடத்தில்தான். புனைபெயரில் பழகிவிட்டு யூபிஐ முகவரியைக் கொடுத்தால், வங்கியில் பதிவான பெயர் எதிராளியின் திரையில் வந்துவிடும். அந்த முகவரி பலருக்குக் கைபேசி எண்ணேதான். எண் கிடைத்தால் ட்ரூகாலர், வாட்ஸ்அப் படம் என்று வரிசையாக அகப்படும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் தொகை வேறெங்கோ மோசடியில் பறித்ததாக இருந்தால், உங்கள் கணக்கும் முடங்கலாம். பணம் பெற யூபிஐ ரகசிய எண் (PIN) தேவையே இல்லை, கேட்டால் திருட்டு. 'பதிவுக் கட்டணம்' கேட்பதும் அதே ரகம்.

இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தை டேட்டிங் கணக்கிலும் போடாதீர்கள், கூகுள் லென்ஸ் போன்ற படத் தேடலில் ஆள் தெரிந்துவிடக்கூடும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும் படத்தோடு, எடுத்த இடத்தின் குறிப்பும் போகக்கூடும். கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டையைக் கழற்றாமலே செல்ஃபி எடுப்பவர்களை என்ன சொல்ல!

முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும்; போக வர சொந்த ஏற்பாடு. நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அனுப்புங்கள். 8 மணி நேரம் வரை வைக்கலாம்.

படத்தைக் காட்டி மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், மறுபடியும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 உதவி எண்ணை அழையுங்கள்.

- ஒரு வாசகர், கோயம்புத்தூர்