வரலாற்றுப் பாடவேளையைப் பறித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் இதழில் வந்த பள்ளிக்கல்விக் கட்டுரையில், வரலாற்று ஆசிரியர்கள் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிறார்கள், மாணவர்களைக் கவரும் செயல்பாடு ஒன்றைக்கூட முயல்வதில்லை என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் எந்தப் பள்ளிக்குள் போய்ப் பார்த்துவிட்டு எழுதினாரோ, தெரியவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, அதிலிருந்து எடுத்து ஊர்ச் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை தங்களுக்குத் தெரியாததல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள்தான் அதற்குச் சான்று. ஒன்பதாம் வகுப்பில் நான் அதைத் தேர்தலாகவே நடத்துவேன். ஆளுக்கொரு சீட்டு. அதில் அவரவர் ஏற்று நடிக்கும் கற்பனை ஆளின் வயது, நிலம், வீடு, படிப்பு. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். நான் விதிகளை ஒவ்வொன்றாகப் படிப்பேன். கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) இறை, அதாவது வரி, கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இல்லை. பொருந்தாதவர்கள் உட்கார்ந்துகொண்டே வர, கடைசியில் நிற்பவர்கள் நாலைந்து பேர்தான். அவர்கள் சீட்டு மட்டும் குடத்துக்குள் போகும். கல்வெட்டில் சொன்னபடியே வகுப்பின் ஆகச் சின்னப் பையன் கைவிட்டு எடுப்பான்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “எங்க சீட்டெல்லாம் குடத்துக்குள்ளயே போகலையே சார், அப்புறம் இதை எப்படி மக்களாட்சின்னு சொல்றது?” பின்பெஞ்சுப் பையன் ஒருவன், கணக்குக் காட்டாதவரின் மச்சானுக்குக்கூட இடம் தராத விதி இன்றைக்கு ஏன் இல்லை என்று பதிலுக்குக் கேட்டான். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த பிரம்மதேய ஊர் எப்படி இருந்தது, நிலமில்லாதவர் நிலை என்ன, இரண்டே ஆண்டில் விதியை ஏன் திருத்தினார்கள் என்பதையெல்லாம் அடுத்த வகுப்பில் அவர்களே கேட்டுப் பேசினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் எழுந்த வேலூர்ப் புரட்சியை விசாரணைக் குழுவாக நடத்தினோம். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை மறுத்த சிப்பாயாக ஒருவன், அதை அடக்க ஆற்காட்டிலிருந்து படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பியாக ஒருவன். 1806 ஜூலை 10 என்ற தேதியை நான் யாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் அதை மறக்கவில்லை.

சரி, இது ஏன் எல்லா வகுப்பிலும் நடக்கவில்லை? பத்தாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்ந்து ஒரே தாள், 100 மதிப்பெண். டிசம்பருக்குள் பாடத்தை முடி, அப்புறம் ரிவிஷன், ஸ்லிப் டெஸ்ட். கணக்குக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேண்டுமென்றால் முதலில் போவது எங்கள் பாடவேளை. “சோஷியல்தானே, வீட்டில் படித்துக்கொள்வான்” என்று என் முகத்துக்கு நேரே சொன்ன தலைமையாசிரியர் உண்டு. விசாரணைக் குழு வகுப்பின்போது சத்தம் அதிகம் என்று விளக்கம் கேட்டவரும் உண்டு. இதற்கு நடுவே வாக்காளர் பட்டியல் வேலை, விலையில்லாப் பாடநூல் கணக்கு, இணையத்தில் விவரப் பதிவு. சில தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றைத் தொடாமலே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அதிகம் வலித்தது வேறு. வருடா வருடம் தங்கள் மாணவர் இணைப்பில்தான் ‘முக்கிய வினா-விடை’ பக்கம் பக்கமாக வருகிறது. காலக்கோட்டில் எந்த ஐந்து நிகழ்ச்சியை எழுதினால் முழு மதிப்பெண் என்பதுவரை அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்து, “இதை மட்டும் நடத்துங்க சார், போதும்” என்று கேட்ட பெற்றோருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மனப்பாடத்தை வாரந்தோறும் அச்சடித்துக் கொடுக்கும் இதழே எங்களைப் பார்த்து மனப்பாட வாத்தியார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த இணைப்பில் வாரம் கால் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கல்வெட்டின் படமும் வாசகமும், இல்லையென்றால் ஒரு பழைய கடிதமோ வரைபடமோ போடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பு இருக்கட்டும், விடை வேண்டாம். கறுப்பு வெள்ளையில் பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது. பள்ளி ஜெராக்ஸில் வண்ணப் படம் போட்டால் முழுக்கக் கறுப்பாக விழுகிறது, பிள்ளைகளால் படிக்க முடிவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
காஞ்சிபுரம் மாவட்டம்.