குஷால் கான் கட்டக்கைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானின் வடமேற்கிலும் பேசப்படும் பஷ்தோ மொழியின் கவிஞர் குஷால் கான் கட்டக்கை முகலாயரை எதிர்த்த வீரர் என்று மட்டுமே நீ படித்த கட்டுரை சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். அது பொய்யில்லை; ஆனால் அவருடைய வாழ்வின் முற்பாதியை அது மறைத்துவிடுகிறது.

அவர் 1613-இல், பெஷாவருக்குக் கிழக்கே உள்ள அக்கோராவில் பிறந்தார். அட்டக்கிலிருந்து பெஷாவர் செல்லும் பெருவழியைக் காக்கும் பொறுப்பை அக்பர் காலத்திலேயே ஏற்ற குடும்பம் அது. யூசுப்சாய் குலத்தாருடன் நடந்த சண்டையில் தந்தை ஷாபாஸ் கான் மாண்டபின், 1641-இல் கட்டக் குலத்தின் தலைமை அவருக்கு வந்தது. ஷாஜகானும் அதை உறுதிசெய்தார். அடுத்த இருபதாண்டுகளுக்கு மேல் அவர் முகலாயரின் விசுவாசமான ஊழியராகவே இருந்தார். ஔரங்கசீப்பின் ஆட்சியில், 1664-இல், பெஷாவரில் கைது செய்யப்பட்டு, பின்னர் ராஜஸ்தானத்து ரந்தம்போர் கோட்டையில் அடைக்கப்பட்ட பிறகுதான் அந்த விசுவாசம் முறிந்தது. அவருடைய கோபம் சொந்தக் காயத்திலிருந்து பிறந்தது என்பதை அவருடைய கவிதைகளே ஒளிக்காமல் சொல்கின்றன. எனக்கு அவரைப் பிடித்ததற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம்.

அந்தச் சிறையில்தான் பிரிவுத் துயரைப் பாடும் 'ஃபிராக்நாமா'வையும், 'தஸ்தார்நாமா' என்ற உரைநடை நூலையும் எழுதினார். தலைப்பாகை கட்டத் தகுதியுள்ளவனுக்கு இருபது கலைகளும் இருபது குணங்களும் வேண்டும் என்று இரண்டாவது நூல் வகுக்கிறது. வில்வித்தை, குதிரையேற்றம், வேட்டை ஆகியவற்றை ஒரு குலத்தலைவர் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் தன்னை அறிதல், எழுத்து, கவிதை, இசை, ஓவியம், உழவு, வணிகம், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றையும் அவற்றுக்கு இணையாக அவர் வைக்கிறார்.

விடுதலையாகித் திரும்பியபின், முகலாயரை எதிர்த்துக் கிளர்ந்த அஃப்ரிதி குலத்துத் தரியா கான், மொஹ்மந்து குலத்து ஐமல் கான் ஆகியோரின் பக்கம் சேர்ந்தார். 1672-இல் கைபர் கணவாயில் முகலாயப் படை சிதைந்தது. 1674-இல் ஔரங்கசீப்பே ஹசன் அப்தால் வரை வந்து முகாமிட வேண்டியதாயிற்று. ஆனால் வாளால் ஆகாததைப் பணமும் பட்டங்களும் செய்தன: குலங்கள் ஒவ்வொன்றாக விலகின. முன்பு முகலாயருக்காகத் தாம் எதிர்த்துப் போரிட்ட அதே யூசுப்சாய்களிடம் உதவி கேட்டு அவர் சுவாத்துக்குப் போனார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். பழைய கணக்கை அவர்கள் மறந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தது சற்று அதிகம்தான்! 'சுவாத்நாமா'வில் அந்தப் பள்ளத்தாக்கின் அழகைப் போற்றிக்கொண்டே அங்குள்ள மக்களை வசைபாடுகிறார்.

பிள்ளை வளர்ப்பைக் கலையென்று எழுதியவருக்குப் பிள்ளைகளால் வந்த துயரத்தை நீ தனியே படிக்க வேண்டும். மகன் பஹ்ராம் முகலாயர் பக்கம் சேர்ந்து தந்தைக்கே எதிராக நின்றான். அவனைச் சபித்துக் குஷால் கவிதைகள் எழுதினார். தலைமையை ஏற்ற மூத்த மகன் அஷ்ரஃப் கான், ஹிஜ்ரி என்ற பெயரில் எழுதிய கவிஞர், முகலாயரிடம் சிக்கித் தக்காணத்துப் பீஜப்பூரில் கைதியாகவே இறந்தார். குஷால் 1689-இல் அஃப்ரிதிகளின் மலைநாட்டில் இறந்தார். முகலாயக் குதிரைகளின் குளம்புத்தூசி படாத இடத்தில் தம்மைப் புதைக்கும்படி சொல்லியிருந்தாராம்.

அஷ்ரஃபின் மகன் அஃப்சல் கான் பின்னர் 'தாரீக்-இ-முரஸ்ஸா' என்ற பஷ்தோ வரலாற்றை எழுதி, பாட்டனாரின் சொந்தக் குறிப்புகளையும் அதில் சேர்த்தார். போர்ப்பாடல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் கிடைத்தால் தஸ்தார்நாமாவை முதலில் படி. அதோடு, வல்லூறு வளர்ப்பைப் பற்றிய அவருடைய 'பாஸ்நாமா'வையும் தேடிப் பார்.

அன்புடன்,
அப்பா