பாப்பாவின் ஆய்வுத் தலைப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. ஆனாலும் மாடிப்படி ஏறுவதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் நான் கல்லூரி நூலகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆய்வேடுகள் இருக்கும் அறையை ஒழுங்குபடுத்தித் தரச் சொன்னார்கள். நிலக்கடலையில் இலைப்புள்ளி நோய், பீடி சுற்றும் பெண்களின் மூச்சுத்திணறல், கண்மாய்ப் பாசனத்தில் முறை வைக்கும் வழக்கம் என்று எல்லாம் ஒரே அலமாரியில் தோளோடு தோள் நிற்கின்றன. தூசி தட்டப் போனவன் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறேன்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவள் சமூகவியலில் முனைவர் பட்டம் செய்யப்போகிறாள், தலைப்பு ‘கிராமங்களில் செத்த மாட்டை அப்புறப்படுத்தும் முறைகள்’ என்று எழுதியிருந்தாய். ‘இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? காலமெல்லாம் மாட்டு டாக்டராக இருந்தவனுக்குத் தெரியாததையா இவள் கண்டுபிடிக்கப்போகிறாள்?’ என்று கோபமும் பட்டிருந்தாய். எனக்கு அந்தத் தலைப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்ல உன் துறையிலிருந்தே ஒரு சங்கதியை எடுக்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், அழிந்த கதை. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர் எண்பதுகளில் பாறுக் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் திரும்பப் போய் எண்ணியபோது பாதிக்கு மேல் காணோம். இருந்தவையும் கழுத்தைத் தொங்கப்போட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்து, பிறகு செத்து விழுந்தன. அவர் முதலில் எண்ணியபோது, ‘கழுகுக் கூட்டை எண்ணி என்ன ஆகப்போகிறது?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு மட்டும் இல்லாவிட்டால் எத்தனை போயின என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் உன்னைப் போல ஒரு கால்நடை மருத்துவர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்ட்சே ஓக்ஸ். பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. சிறுநீரகம் செயலிழந்து யூரிக் அமிலம் உடம்பெல்லாம் படிந்திருக்கிறது. கிருமியைத் தேடினார்கள், பூச்சிமருந்தைத் தேடினார்கள், கன உலோகங்களைத் தேடினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பாறு தின்பது செத்த மாட்டை, அந்த மாட்டுக்குச் சாவதற்கு முன் என்ன மருந்து போட்டார்கள்? மருந்துக் கடைகளில் விசாரித்தபோது கிடைத்த பெயர் டைக்ளோஃபெனாக். அந்தப் படிவோடு செத்த 25 பாறுகளின் உடலிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் கட்டுரை வெளிவந்தது.

காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் அந்த ஊசியைப் போடாத டாக்டர் அன்றைக்கு உண்டா? நீயும் போட்டிருப்பாய். மாட்டுக்கு அது நல்ல மருந்துதான். பறவையைக் கொல்லும் என்று எந்தப் புத்தகத்திலும் அப்போது இல்லை. அப்புறம் கணக்குப் போடுகிறவர்கள் வந்து, நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று காட்டினார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை அதைத் தாங்காது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. மாற்றாக மெலாக்சிகாம் வந்தது உனக்குத் தெரியும். ஆனால் மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. 2015-இல் ஒரே தடவைக்கான 3 மில்லி புட்டிதான் விற்கலாம் என்று உத்தரவு வர, மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம். நீலகிரிப் பக்கத்து மாயாற்றங்கரையில் நீர்மருது மரங்களில் இன்னும் கூடு கட்டிக்கொண்டிருக்கும் பாறுகளுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய காரியம், யோசித்துப் பார்.

இதுவரை பறவைக் கதை. மனிதக் கதையை வெளியே கொண்டுவந்தவர்கள் பொருளாதாரக்காரர்கள். பாறு போனதும் சடலங்கள் கிடந்து அழுகின, தெருநாய் பெருகியது, ஆற்றிலும் குளத்திலும் கழிவு கலந்தது. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்று இரண்டு பேர், பாறுகள் வாழத் தோதான மாவட்டங்களையும் தோதில்லாத மாவட்டங்களையும் பிரித்து, மருந்து மலிவான 1994-க்கு முன்னும் பின்னும் மனித இறப்பு விகிதத்தை ஒப்பிட்டார்கள். பாறு இருந்து போன இடங்களில் இறப்பு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. 2000 முதல் 2005 வரை கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. 2024-இல் அது அச்சானபோது அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். மாட்டு ஊசி, பறவையின் சிறுநீரகம், நாய்க்கடி, குழந்தையின் வயிற்றுப்போக்கு. எந்த ஒரு துறையும் தனியாக இருந்து இதைக் கோத்திருக்க முடியாது. மும்பையில் பார்சிகள் இறந்தவர் உடலைப் பறவைகளுக்கு வைக்கும் டூங்கர்வாடியில், பாறுகள் இல்லாமல் போனதால் உடலை உலர்த்தச் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவி வைக்க வேண்டிவந்தது. அந்தத் துக்கத்தை எழுத மானுடவியல் வேண்டும்.

இப்போது பாப்பாவின் கேள்விக்கு வா. நான் படித்த அந்தக் கட்டுரைகளில் மாடு ‘ஊர்க்கோடியில் கிடந்தது’ என்றுதான் வருகிறது. தானாகவா போய்க் கிடந்தது? யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள். யார் தலையில் அந்த வேலை கட்டப்பட்டது என்று உனக்கும் எனக்கும் தெரியும். 2016-இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் பல ஊர்களில் ‘இனி தூக்கமாட்டோம்’ என்று மறுத்தார்கள். சுரேந்திரநகரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் சடலங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். மறுத்தது முழு நியாயம். அதற்குப் பிறகு அந்த வேலையை ஊராட்சி ஏற்றதா, கூலி என்ன, குழி வெட்ட இடம் யார் தருகிறார், கையுறை உண்டா, மருந்து போட்டுச் செத்த மாடு எங்கே போகிறது? இதையெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டும். அதைத்தான் அவள் செய்கிறேன் என்கிறாள். பறவைக்காரர்களுக்கும் சுகாதாரத் துறைக்கும்கூட இது வேண்டிய தகவல்.

உனக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பாளா என்று கேட்டாயே. உனக்குத் தெரிந்ததே எங்கும் எழுதப்படவில்லை, அதுதான் என் கவலை. எந்த ஊரில் மாடு செத்தால் யாருக்கு ஆள் அனுப்புவார்கள், எந்த ஊரில் எப்போது மறுத்தார்கள் என்று உன் நினைவில் இருப்பது உன்னோடு போய்விடக் கூடாது. அவள் முதலில் பேட்டி எடுக்க வேண்டியது உன்னைத்தான். பழைய மருந்தகத்தில் உன்னோடு வேலை பார்த்த உதவியாளர்களிடமும் கூட்டிப்போ. வீடு வீடாக அவர்கள்தான் அறிவார்கள்.

மாசக் கடைசியில் அவளை இங்கே அனுப்பு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆய்வேட்டு அறையில் தோல் தொழில் பற்றி மூன்று நான்கு பழைய ஏடுகள் பார்த்த ஞாபகம், எடுத்து வைக்கிறேன். வரும்போது உன் பழைய நாட்குறிப்புகளையும் கொடுத்துவிடு, பூட்டி வைத்து என்ன செய்யப்போகிறாய்? தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய அறைத்தோழன்