நோவாவின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைமுறை நாவல்களை விரும்பிப் படிப்பவர்களில் பலர் இப்போது மின் ஜின் லீயின் ‘பச்சிங்கோ’வைச் சொல்கிறார்கள். 2017இல் வந்த நாவல், ஜப்பானுக்குக் குடிபெயர்ந்த ஒரு கொரியக் குடும்பத்தின் கதை. (பச்சிங்கோ என்பது ஜப்பானில் சூதாட்டம்போல ஆடும் ஒரு இயந்திர விளையாட்டு.) ஆனால் பாராட்டுகிறவர்கள் அதன் மூன்றாம் பாகத்தைத் தொடாமலே போய்விடுகிறார்கள், எனக்கு ஆற்றாமையே அதில்தான். (இனிமேல் படிக்கப் போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், முடிவைச் சொல்லப் போகிறேன்.)

முதல் இரண்டு பாகங்களை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஜப்பானியர் ஆட்சியில் கொரியாவில் விளைகிற வெள்ளை அரிசி கொரியர்களுக்கே எட்டாத பொருள். ஊரைவிட்டுப் போகப்போகிற மகள் சுன்ஜாவுக்கும் மருமகனுக்கும் ஒரு வேளையாவது அந்தச் சோறு போட வேண்டும் என்று தாய் அரிசிக் கடையில் போய் நின்று கேட்கிறாளே, அந்த ஒரு இடத்திலேயே நாடு பறிபோவது என்றால் என்ன என்று புரிந்துவிடுகிறது. அப்புறம் ஜப்பானின் ஒசாகா நகரச் சந்தையில் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய் விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பது, எல்லாமே நின்று நிதானமாகச் சொல்லப்படுகிறது.

சுன்ஜாவின் மூத்த மகன் நோவா, தன்னைப் பெற்றவன் ஒரு யாகுசா, அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவன், என்று தெரிந்ததும் படிப்பை விட்டு நாகானோ என்ற ஊருக்குப் போய், ஜப்பானியனாகப் பெயர் மாற்றி, கல்யாணம் செய்து, நான்கு பிள்ளைகளோடு வாழ்கிறான். 16 வருடம் கழித்து, 1978இல், தாய் தேடி வருகிறாள். அவள் கிளம்பிய கையோடு சுட்டுக்கொண்டு சாகிறான். இவ்வளவு பெரிய சாவு சில வரிகளில் முடிந்து, கதை வேறு ஆட்களிடம் தாவிவிடுகிறது. அப்பா கொரியர் என்பதே தெரியாத அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குள் அதன் பிறகு நாவல் போவதே இல்லை! பதிலுக்கு ஹானா, ஃபீபி என்று கடைசியில் வந்தவர்களுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருக்கிறார். சுன்ஜாவின் இளைய மகனுடைய பிள்ளை சாலமனைப் பயன்படுத்திக்கொண்டு ஜப்பானிய மேலதிகாரி வேலையைவிட்டுத் தூக்குவதும், அவன் அப்பாவின் பச்சிங்கோ தொழிலுக்கே திரும்புவதும் ஏதோ சுருக்கம் படித்ததுபோல ஓடிவிடுகின்றன.

வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கிறதா என்று கேட்கலாம். சரி, ஆனால் நான்கு தலைமுறைக் கதை என்று எழுதிவிட்டு, மறைத்த அடையாளம் அடுத்த தலைமுறையை என்ன செய்தது என்ற கேள்வி வருகிற இடத்தில் வேறு பக்கம் திரும்பினால் எப்படி? கணவனின் கல்லறையில் சுன்ஜா நிற்கும் கடைசிக் காட்சி நன்றாகவே இருக்கிறது. எனக்கு அது போதவில்லை, நோவாவின் மனைவி பிள்ளைகளிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி