பேரனின் நோட்டு காலியாக இருப்பது பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். நீ போனில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வராததால்தான் இந்தக் கடிதம். மூன்றரை வயதாகியும் பிள்ளையின் நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை, பள்ளியில் பொழுதெல்லாம் விளையாட விடுகிறார்கள், எதிர்வீட்டுக் குழந்தை ஏ முதல் இசட் வரை எழுதுகிறது, ஆகவே வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம். அங்கன்வாடிப் பிள்ளைகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அவன் கையைப் பார். வளர்ந்தவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, கட்டத்துக்குள் எழுது என்று வற்புறுத்தினால், எழுத்து வருவதற்கு முன்பே எழுத்தின் மீது வெறுப்பு வந்துவிடும். களிமண் பிசைவதும், மணி கோப்பதும், புளியங்கொட்டைகளை விரல் நுனியால் பொறுக்கி எடுப்பதும்தான் பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப்போகும் விரல்களுக்கான பயிற்சி. 1907இல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் முதலில் விரலால் தடவிப் பார்க்கட்டும் என்றார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ஒரே கட்டமாக வைத்து, விளையாட்டு வழியாகக் கற்பதையே அதற்கு அடிப்படையாகச் சொல்கிறது. எனவே உன் பிள்ளையின் பள்ளி வேலை செய்யாமல் ஏமாற்றுகிறது என்று எண்ணாதே.

எங்கள் மையத்தில் வாரத்தில் மூன்று நாள் முட்டை போடுவோம், உனக்குத்தான் தெரியுமே. அவித்த முட்டையைப் பிள்ளைகளே உரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஆயாவுக்கு அதில் பொறுமை போகும். சாப்பாட்டு நேரம் நீண்டுவிடும். ஆனால் தரையில் தட்டி, விரிசலில் நகத்தை நுழைத்து, வெள்ளைக்கரு பிய்ந்து வராமல் ஓட்டை மட்டும் எடுக்க ஒரு நான்கு வயதுப் பிள்ளை படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதைப் படிப்பு இல்லை என்று சொல்லமாட்டார்கள். உரிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளையின் முட்டையையும் வாங்கி உரித்துக் கொடுக்கும். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதல்ல அது.

நட்பைப் பற்றியும் கவலைப்பட்டாய். எல்லாரோடும் ஓடிப்பிடித்து விளையாடாமல் ஒரே பையனின் அருகில் போய் உட்கார்ந்துகொள்கிறானாம். செங்கல் சூளை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களிடம் சேர்ந்தான். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சுவரோடு ஒட்டி நிற்பான். மணலில் கொட்டாங்குச்சியால் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வாயாடிப் பெண்ணின் பக்கத்தில் மெல்லப் போய் அமர்ந்து, அவள் முகத்தையே பாராமல், தானும் தனியாக இட்லி ஊற்ற ஆரம்பித்தான். பல நாள் அப்படியே போயிற்று. ஒருநாள் அவளுடைய கொட்டாங்குச்சி உடைந்து அவள் அழ ஆயத்தமானபோது, இவன் தன்னுடையதை அவள் பக்கம் தள்ளினான். அவள் அதில் ஓர் இட்லி வார்த்து, "சாப்பிடு" என்று அவன் முன்னால் வைத்தாள். அதன்பிறகு அவன் கற்ற தமிழெல்லாம் அவளிடம் கற்றதுதான். நான் பாடிக் காட்டிய பாட்டுகளுக்கு அதில் பெரிய பங்கில்லை. ஒன்றாக விளையாடுவதற்கு முன் குழந்தைகள் அருகருகே தனித்தனியாக விளையாடுவார்கள் என்பதை மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். உன் பிள்ளையும் அந்தப் படியில்தான் நிற்கிறான். அந்தப் பையனின் அம்மாவிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழை.

பொம்மைக்காகச் சண்டை வந்து பிள்ளைகள் தள்ளிக்கொண்டபோது டீச்சர் உடனே தடுக்கவில்லை என்பதற்காக அவர் மீது கோபப்படாதே. அடி விழாத வரையில் சற்றுப் பொறுத்திருக்கும் ஆசிரியர்தான் நல்ல ஆசிரியர். "நீ முடித்ததும் எனக்குத் தா" என்று சொல்லக் குழந்தைக்கு அந்த இடைவெளி வேண்டும்.

பள்ளியில் நீ பார்க்க வேண்டியது வேறு. டீச்சர் பிள்ளைகளோடு தரையில் அமர்கிறாரா, தினமும் கதை சொல்கிறாரா, மண்ணும் தண்ணீரும் கைக்கு எட்டுகின்றனவா, அழும் பிள்ளையை யாராவது மடியில் எடுத்துக்கொள்கிறார்களா என்று பார். இவை இல்லையென்றால் சொல், அப்போது மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம். மாலையில் அவன் வந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்காமல், யாரோடு சாப்பிட்டாய் என்று கேள், தமிழிலேயே கேள். சனிக்கிழமை மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய் டீச்சரைப் பார்த்துவிட்டு, இரவு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா